பெயர் சொல்லி அழைத்த வணிகம் – ஒரு வரலாற்றுப் பார்வை



ஆசிரியர் பணியில் ஓர் இனிமை உண்டு. நாம் எழுத்தறிவித்த பிள்ளைகள் வளர்ந்து ஆளான பின்னர், பாடநூலில் இல்லாத கேள்விகளோடு நம்மைத் தேடி வருவார்கள். விடை தெரியாமல் நாமே மீண்டும் மாணவராகிப் பழைய ஏடுகளைப் புரட்ட நேரும். இக்கட்டுரையும் அப்படியொரு கேள்வியிலிருந்து பிறந்ததுதான்.

மாணவி கொண்டுவந்த கேள்வி

சென்ற ஆண்டு தீபாவளிக்கு ஆறு கிழமைகள் இருக்கும்போது, கூலாயில் வாழும் என் முன்னாள் மாணவி ஒருவர் வீட்டுக்கு வந்தார். முன்பு அவர் நாள்தோறும் விடியற்காலையில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலைக்குச் சென்றவர். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, எல்லை மூடப்பட்டது, வேலையும் போயிற்று. கையைப் பிசைந்துகொண்டிராமல், மாமியாரின் முறுக்கு அச்சைக் கையில் எடுத்தார். முறுக்கு, அச்சு முறுக்கு, நெய் உருண்டை, ஓமப்பொடி எனச் சுட்டு, முகநூலில் படம் போட்டு விற்றார். ஊரே வீட்டுக்குள் அடைபட்டிருந்த காலம் அது. நன்றாகவே விற்றது.

2022 ஏப்ரல் முதல் நாள் பாலம் மீண்டும் முழுமையாகத் திறந்தது. மக்கள் பழையபடி கடைவீதிக்குப் போகத் தொடங்கினர். ஜொகூர் பாருவில் ஜாலான் உங்கு புவான் பக்கம் நடந்தால் பலகாரம், பூமாலை, சேலை எல்லாம் ஒரே தெருவில் கிடைக்கும்போது, முகநூலில் யார் தேடுவார்கள்? என் மாணவியின் பக்கம் அமைதியாகிவிட்டது.

"ஐயா, படமெல்லாம் நல்லாத்தான் எடுத்துப் போடுறேன். விலையும் போடுறேன். பாக்குறாங்க, ஆனா யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கிறாங்க. சுவருக்கு முன்னால நின்னு பேசுற மாதிரி இருக்கு" என்றார்.

அடுத்து அவர் சொன்னதுதான் எனக்குக் கவலையளித்தது. அவர் 900 வெள்ளி சேர்த்து வைத்திருந்தார். அதில் ஒரு திறன்பேசி வாங்கி, "விருப்பக் குறி இடுங்கள், ஐந்து நண்பர்களை அழையுங்கள், குலுக்கலில் திறன்பேசி வெல்லுங்கள்" என்று அறிவிக்கப்போகிறாராம். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்களாம். அந்த 900 வெள்ளி, அந்தத் தீபாவளிக்கு மாவும் எண்ணெயும் நெய்யும் வாங்க வேண்டிய பணம்!

"கொஞ்சம் பொறும்மா. ஒரு வாரம் கழித்து வா" என்று சொல்லி அனுப்பினேன். வணிகம் எனக்குத் தெரியாது. ஆயினும், விற்கிறவர் பேச, வாங்குகிறவர் வாய் திறக்காமல் இருப்பது புதிய நோயன்று. நூறாண்டுகளாக நம் இதழ்களும் வானொலிகளும் இதே நோய்க்கு மருந்து தேடியிருக்கின்றன. அவ்வரலாற்றை அவருக்காகத் தொகுத்தேன். இங்கே உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

விகடனும் குறுக்கெழுத்தும்

முதலில் சென்னைக்குப் போவோம். 1926-இல் பூதூர் வைத்தியநாத ஐயர் தொடங்கிய 'ஆனந்த விகடன்' என்னும் இதழை, 1928-இல் எஸ்.எஸ்.வாசன் என்னும் இளைஞர் வாங்கினார். பின்னாளில் ஜெமினி ஸ்டூடியோவை நிறுவி 'சந்திரலேகா' எடுத்த அதே வாசன்தான். அவர் அடிப்படையில் ஓர் எழுத்தாளர் அல்லர், விளம்பர முகவர். இதழ்களுக்கு விளம்பரம் பிடித்துத் தந்தவர். அஞ்சல்வழி பொருள் விற்றவர். அஞ்சல்வழி விற்கிறவனுக்கு ஓர் உண்மை நன்றாகத் தெரியும். வாசகன் படித்துவிட்டுப் புன்னகைத்தால் போதாது. எழுந்துபோய் ஓர் உறையில் அஞ்சல்தலை ஒட்ட வேண்டும். அதுவரை வணிகம் நடக்கவில்லை.

1930-களில் விகடனில் குறுக்கெழுத்துப் போட்டி வந்தது. கட்டங்களை நிரப்பி அனுப்பினால் பணப்பரிசு. தமிழ்நாடே பென்சிலைக் கையில் எடுத்தது என்று சொல்லலாம். திண்ணைகளில் கூடி அமர்ந்து, இந்தக் கட்டத்தில் இந்த எழுத்தா அந்த எழுத்தா என்று வாதிட்டார்கள். இதழின் விற்பனை ஏறியது. இந்தியாவெங்கும் ஏடுகள் இத்தகைய போட்டிகளை நடத்தின. பல நடத்துநர்கள் விடைத்தாளுக்கு நுழைவுக் கட்டணமும் வாங்கினார்கள். ஒரே கட்டத்துக்கு இரண்டு மூன்று சொற்கள் பொருந்தும்படி குறிப்பு எழுதினால், விடையை அறிவு முடிவு செய்யாது. குருட்டு வாய்ப்பே முடிவு செய்யும். இது போட்டியா, சூதா என்ற கண்டனம் எழுந்தது.

இறுதியில் சட்டமே குறுக்கிட்டது. இந்திய நாடாளுமன்றம் 1955-இல் பரிசுப் போட்டிகள் சட்டத்தை நிறைவேற்றியது. ஒரு திங்களில் 1,000 ரூபாய்க்கு மேல் பரிசு தரலாகாது. ஒரு போட்டிக்கு 2,000 விடைகளுக்கு மேல் ஏற்கலாகாது என்று வரம்பு கட்டியது. போட்டி நடத்துநர்கள் உச்ச நீதிமன்றம் வரை சென்றார்கள். 1957-இல் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. பரிசுப் பணத்தை நம்பி வளர்ந்த போட்டிகள் அத்தோடு ஒடுங்கின.

ஆனால் விகடன் ஒடுங்கவில்லை. ஏன்? 1930-களிலேயே அதற்கு வேறு வேர்கள் இறங்கியிருந்தன. ஆசிரியராக வந்த கல்கியின் தொடர்கதைகள், மாலியின் சித்திரங்கள், வாசகர்கள் எழுதியனுப்பிய நகைச்சுவைத் துணுக்குகள் ஆகியவை வாசகரை அடுத்த இதழுக்காகக் காத்திருக்க வைத்தன. பரிசுக்காக வந்தவன் பரிசு நின்றதும் போய்விடுவான். கதைக்காக வந்தவன் கதை முடிந்த பின்னும் அடுத்த கதைக்காக இருப்பான். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள், மேலே செல்வோம்.

கொழும்பிலிருந்து வந்த குரல்

இரண்டாவது கதை ஒரு பற்பசையின் கதை.

1952-இல் இந்தியாவின் செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சராக வந்த பி.வி.கேஸ்கர், அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களைப் பெரிதும் குறைத்துவிட்டார். செவ்வியல் இசையே மக்களை உயர்த்தும் என்பது அவர் எண்ணம். மக்களோ வானொலியின் முள்ளைக் கொழும்பின் பக்கம் திருப்பிவிட்டார்கள். இலங்கை வானொலி 1950-இல்தான் வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியிருந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆங்கிலேயப் படையினருக்காக நிறுவப்பட்ட வலிமையான சிற்றலைக் கருவிகள் அதனிடம் இருந்தன. ஆகவே அதன் குரல் கடல் கடந்து எட்டியது.

சீபா என்னும் சுவிஸ் நிறுவனத்தின் பினாக்கா பற்பசை, அங்கே ஓர் இந்திப் பாடல் நிகழ்ச்சிக்கு ஆதரவளித்தது. 1952 டிசம்பர் 3, புதன்கிழமை, 'பினாக்கா கீத்மாலா' தொடங்கியது. நடத்தியவர் அமீன் சயானி; அப்பொழுது இருபது வயதை எட்டும் இளைஞர். முதலில் முறை எளியது. ஏழு பாடல்கள் ஒலிக்கும். அவற்றை மக்கள் விருப்ப வரிசைப்படி அடுக்கி நேயர்கள் எழுதியனுப்ப வேண்டும். சரியாக அடுக்கியவர்களுக்கு நூறு ரூபாய் பரிசு. முதல் நிகழ்ச்சிக்கே ஏறத்தாழ 9,000 கடிதங்கள் வந்தன என்றும், ஓராண்டளவில் வாரத்துக்கு 65,000 கடிதங்கள் குவிந்தன என்றும் சயானியே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

எண்ணிப் பாருங்கள். வாரத்துக்கு 65,000! இன்றைய முகநூல் பக்கங்கள் பொறாமைப்படும் எண்ணிக்கை. ஆனால் அஃது ஒரு வெற்றியின் சிக்கலும்கூட. அத்தனை கடிதங்களைப் பிரித்துப் படித்துச் சரிபார்க்க இயலவில்லை. ஆகவே போட்டியை நிறுத்திவிட்டு, 1954 முதல் இசைத்தட்டு விற்பனையையும் நேயர் விருப்பத்தையும் கொண்டு பாடல்களைப் படிப்படியாக வரிசைப்படுத்திச் சொல்லும் முறைக்கு மாறினார்கள். ஊர்தோறும் நேயர் மன்றங்கள் தோன்றித் தங்கள் பட்டியலை அனுப்பின. பரிசு நின்றது, கேட்போர் நிற்கவில்லை! இந்நிகழ்ச்சி இலங்கை வானொலியில் 1988 வரை ஓடி, பிறகு இந்தியாவின் விவித் பாரதிக்குச் சென்றது. இந்த விவித் பாரதியும், கொழும்பின் பக்கம் போன நேயரை மீட்க 1957-இல் இந்திய வானொலி தொடங்கிய ஒலிபரப்புத்தான். அமீன் சயானி 2024 பிப்ரவரியில் மறைந்தார். அப்போது முதியவர்கள் பலர் அந்தக் குரலோடு அந்தப் பற்பசையையும் சேர்த்தே நினைவுகூர்ந்தார்கள்.

இந்தியில் சயானி என்றால் தமிழில் எஸ்.பி.மயில்வாகனம். இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக ஒலிபரப்பில் அவர் குரல் கேட்காத தென்னிந்திய வீடு அக்காலத்தில் குறைவு. தமிழ்நாட்டின் சிற்றூர்களிலிருந்து அஞ்சலட்டைகள் கடல்கடந்து போயின. பாட்டு மூன்று நிமிடம். பாட்டை விரும்பிக் கேட்டவர்களின் பெயர்ப் பட்டியல் அதற்கு முன்னால். பாட்டை நூறு முறை கேட்டிருப்பார்கள். ஆயினும் ஊர்ப் பெயரும் தம் பெயரும் வானத்திலிருந்து ஒலிப்பது ஒருமுறைதானே! அந்த ஒருமுறைக்காகக் கிழமைக்கணக்கில் வானொலிப் பெட்டியை விட்டு அகலாதவர்கள் உண்டு. அந்த இடைவெளியில்தான் சோப்பும் பற்பசையும் பாடிக்கொண்டிருந்தன.

பி.எச்.அப்துல் ஹமீத் நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' இதே மரபில் வந்தது. கேட்டுக்கொண்டிருந்தவரை மேடைக்கு அழைத்து, கொடுத்த எழுத்தில் பாட வைத்தது அந்நிகழ்ச்சி. பின்னாளில் சன் தொலைக்காட்சிக்கு வந்தபோது ஒரு நகைக்கடையின் பெயரும் முன்னால் சேர்ந்து, 'லலிதாவின் பாட்டுக்குப் பாட்டு' ஆயிற்று. நிகழ்ச்சியின் பெயரைச் சொன்னவரெல்லாம் கடையின் பெயரையும் சொன்னார்கள். அதை விளம்பரம் என்று எவரும் சலித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

நம் மண்ணில்...

இவையெல்லாம் அயல்நாட்டுக் கதைகள். நமக்கென்ன என்று கேட்கலாம். நம் மலாயா மண்ணின் கதை இவற்றினும் ஆழமானது.

நாளேடு என்பதும் வணிகமே. தாளும் மையும் கடனுக்கு வாங்கி, அச்சிட்டு, விற்று, விளம்பரம் பிடித்துக் கூலி கொடுக்க வேண்டும். கோலாலம்பூரில் 1924-இல் நரசிம்ம ஐயங்கார் 'தமிழ் நேசன்' இதழைத் தொடங்கினார். சிங்கப்பூரில் 1935-இல் கோ.சாரங்கபாணி 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார். இரண்டும் மலாயாவெங்கும் படிக்கப்பட்டன. தோட்டப்புறங்களில் எழுத்தறிந்தவர் குறைவு. ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப்பேர் சுற்றி அமர்ந்து கேட்பார்கள் என்று என் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கிறேன். வாங்குவது ஒருவர், கேட்பது பத்துப்பேர். இந்தப் பத்துப்பேரை எப்படி வாசகராக்குவது? இதுவே அன்றைய ஏடுகளின் கேள்வி.

தமிழ் நேசன் 1950-இல் ஒரு புதுமை செய்தது. சுப.நாராயணன், பைரோஜி நாராயணன் ஆகிய இருவரும் அதில் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். ஆம், நாளேட்டில் வகுப்பு! கதை எழுதுவது எப்படி என்று பாடம் வெளிவரும், பயிற்சி தரப்படும், வாசகர்கள் எழுதியனுப்புவார்கள், இவர்கள் திருத்தி மதிப்பிடுவார்கள். ஆசிரியனாகிய எனக்கு இதன் அருமை புரிகிறது. ஓர் எழுத்துப்படியைத் திருத்துவது எத்துணை நேரம் பிடிக்கும் என்பதைத் திருத்தியவர் அறிவார். மலேசியச் சிறுகதையின் முதல் தலைமுறையில் பலர் இவ்வகுப்பில் உருவானவர்கள். 1953 முதல் 1957 வரை அவ்வேட்டில் பணியாற்றிய கு.அழகிரிசாமியும் இலக்கிய வட்டம் நடத்தி இளையோரை ஊக்குவித்தார்.

தமிழ் முரசு தன் பங்குக்கு 'மாணவர் மணிமன்றம்' என்னும் பகுதியைத் தொடங்கியது. சாரங்கபாணி செய்த நுட்பமான வேலை என்று நான் கருதுவது இதைத்தான். சிறுவர்களை அவர் வெறும் வாசகர் என்று எண்ணவில்லை. எழுதுவோராகவும் ஒரு மன்றத்தின் உறுப்பினராகவும் நடத்தினார். எழுதிய பிள்ளைகளின் பெயர் அச்சில் வந்தது. பின்னர் அம்மன்றம் தாளைவிட்டு இறங்கி ஊருக்குள் நடந்தது. மலாயாவின் பல ஊர்களில் மணிமன்றங்கள் அமைந்தன. பேச்சுப்போட்டிகளும் தமிழர் திருநாளும் நடத்தின. ஒரு நாளேட்டின் ஒரு பகுதி, இளைஞர் இயக்கமாகவே வளர்ந்துவிட்டது.

அந்த உறவின் வலிமை 1950-களின் நடுவில் வெளிப்பட்டது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமையவிருந்தபோது, அங்கே தமிழுக்கு முதலிடம் வேண்டும் என்று சாரங்கபாணி வாதாடினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். தோட்டத் தொழிலாளரும் நகரத் தொழிலாளரும் தம்மால் இயன்ற சிறு தொகைகளைக் கொடுத்தார்கள். 1956-இல் துறை தொடங்கியது. தமிழுக்கு அங்கே இடம் கிடைத்தது. இது விளம்பரத்தால் மட்டும் நிகழக் கூடியதா? ஆண்டுக்கணக்காக வாசகரோடு பேசி, வாசகர் பேசியதையும் கேட்ட ஓர் ஏடு கேட்டதால்தான் மக்கள் கொடுத்தார்கள்.

பரிசே கூடாது என்று சொல்ல வரவில்லை. 1970-களின் தொடக்கத்தில் முருகு சுப்பிரமணியன் ஆசிரியராக இருந்த காலத்தில் தமிழ் நேசன் 'பவுன் பரிசுத் திட்டம்' நடத்தியது. சிறந்த சிறுகதைக்குத் தங்கக் காசு! ஆனால் அங்கே குலுக்கல் இல்லை. உழைத்து எழுதியவரின் கதையைப் படித்து, தகுதி பார்த்துக் கொடுத்தார்கள். பரிசு கிடைக்காதவரும் ஒரு கதை எழுதி முடித்திருந்தார். குலுக்கலில் தோற்றவனிடம் என்ன மிஞ்சும்?

தமிழ் நேசன் 2019-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மூடப்பட்டது. வாசகரோடு பேசுவது மட்டுமே ஒரு நிறுவனத்தை என்றென்றும் காத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தொண்ணூற்று நான்கு ஆண்டுகள் என்பது சிறிய காலம் அன்று.

எங்கள் வீட்டில் நடந்தவை

இவ்விடத்தில் என் சொந்த அனுபவம் இரண்டைச் சொல்ல வேண்டும்.

நான் பத்து வயதுப் பையனாகத் தோட்டப் பள்ளியில் படித்தபோது, ஒரு நாளேட்டின் சிறுவர் பகுதிக்கு விடுகதை ஒன்றை எழுதியனுப்பினேன். மூன்று கிழமைகள் கழித்து அது வந்தது. என் பெயரோடும், பள்ளியின் பெயரோடும், தோட்டத்தின் பெயரோடும் வந்தது. அப்பா பால்மரம் வெட்டுபவர். ஞாயிறு மட்டும் பத்திரிகை வாங்குவார். அன்று இரண்டு படி வாங்கினார். ஒன்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, லயத்தில் வீடு வீடாகக் காட்டினார். அடுத்த மாதத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு நாள்தோறும் அந்த ஏடு வந்தது. மரம் வெட்டுகிறவர் வருமானத்தில் அது சிறு செலவு அன்று. நான்கு வரி விடுகதையை அச்சிட்டு அவர்கள் பெற்ற வாடிக்கையாளர் என் அப்பா. சாகும்வரை அவர் வேறு ஏட்டை வாங்கியதில்லை.

அதே காலத்தில் ஒரு பான நிறுவனம் போட்டி ஒன்றை அறிவித்தது. ஆறு டின்களின் முகப்புத்தாளை வெட்டி அனுப்பினால் குலுக்கலில் மிதிவண்டி கிடைக்கலாம். அம்மா என் ஆசைக்காகக் கடன் சொல்லி ஆறு டின் வாங்கினார். அனுப்பினோம். மிதிவண்டி வரவில்லை, அதில் வருத்தமில்லை. கிடைத்தது என்று ஓர் எழுத்தும் வரவில்லை. யார் வென்றார் என்ற செய்தியும் எங்களை எட்டவில்லை. நான் அஞ்சல்காரரை எதிர்பார்த்து வாசலில் நின்ற நாள்களை அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த ஆறு டின் தீர்ந்த பிறகு, அந்தப் பானம் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

பெரிய நிறுவனத்துக்கு ஒரு வீடு போனது தெரிந்திருக்காது. எங்கள் வீட்டுக்குத் தெரியும்.

முகநூல் காலத்தில்

இனி இன்றைக்கு வருவோம். முகநூல் 2009-இல் 'விருப்பம்' என்னும் பொத்தானைக் கொண்டுவந்தது. அஞ்சலட்டை வேண்டாம், அஞ்சல்தலை வேண்டாம், பெருவிரல் அசைந்தால் போதும். மறுமொழி இவ்வளவு மலிவானது வரலாற்றில் இதுவே முதன்முறை. மலிவானதும் என்ன நடந்தது? 1930-களின் குறுக்கெழுத்துக் கதை மீண்டும் நடந்தது. "விருப்பம் அழுத்துங்கள்", "நண்பரைக் குறிப்பிடுங்கள்", "பகிர்ந்தால் பரிசு" என்று வணிகப் பக்கங்கள் தூண்டில் வீசின.

சட்டமும் மீண்டும் வந்தது. இம்முறை நாடாளுமன்றம் இயற்றவில்லை, நிறுவனமே இயற்றியது. 2017 டிசம்பரில் முகநூல், இத்தகைய தூண்டில் பதிவுகளைப் பின்னுக்குத் தள்ளப்போவதாக அறிவித்தது. 2018 சனவரியில், நண்பர்களும் உறவினர்களும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் பதிவுகளுக்கு முன்னுரிமை தருவதாகவும், வணிகப் பக்கங்களின் பதிவுகள் குறைவாகவே தெரியும் என்றும் அறிவித்தது. என் மாணவியின் முறுக்குப் படத்தை ஏன் எவரும் சீண்டவில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மக்கள் வெறுத்தார்கள் என்பதில்லை; பலர் கண்ணில் படவே இல்லாமல் போயிருக்கும். எவரும் பேசாத பதிவை அந்த இயந்திரமும் எவரிடமும் கொண்டுபோய்ச் சேர்க்காது.

ஆக, 1955-இல் சட்டம் சொன்னதையே 2017-இல் இயந்திரம் சொன்னது. தூண்டில் போட்டுப் பிடித்த கூட்டம் கூட்டமாகாது.

அவரிடம் நான் சொன்னது

ஒரு வாரம் கழித்து அவர் வந்தார். மேற்சொன்னவற்றைச் சுருக்கிச் சொன்னேன். பிறகு மூன்று செய்திகளை மட்டும் தாளில் எழுதிக் கொடுத்தேன்.

முதலாவது, மறுமொழி வேண்டுமானால் மறுமொழி சொல்லத்தக்க ஒன்றைக் கேட்க வேண்டும். 'முறுக்கு ஒரு டப்பா 18 வெள்ளி' என்பதற்கு யார் என்ன மறுமொழி சொல்வது? மயில்வாகனம் பாட்டை விற்கவில்லை, "உமக்குப் பிடித்த பாட்டு எது?" என்று கேட்டார்.

இரண்டாவது, வந்தவரின் பெயரைச் சொல்ல வேண்டும். பொத்தானை அழுத்தி நன்றி சொன்னால் போதாது. கதை வகுப்பு நடத்தியவர்கள் ஒவ்வொரு படியையும் படித்தார்கள்.

மூன்றாவது, வந்தவர் சொன்னதால் ஏதேனும் மாற வேண்டும். பிள்ளைகள் எழுதினால் மணிமன்றப் பகுதி நிரம்பியது. எழுதாவிட்டால் அந்தப் பகுதியே இல்லை. தம் சொல்லுக்கு விளைவு உண்டு என்று தெரிந்தால்தான் மனிதன் மீண்டும் பேசுவான்.

அவர் தாளைப் பார்த்தார். "ஐயா, எனக்கு மொத்தமே முந்நூறு பேர்தான் இருக்காங்க. இதெல்லாம் பெரிய ஆளுங்க செய்யுறதில்லையா?" என்றார்.

அங்கேதான் எனக்கே ஒன்று விளங்கியது. அமீன் சயானி 65,000 கடிதங்களுக்கு மறுமொழி எழுத முடியவில்லை. பான நிறுவனம் என் அம்மாவுக்கு ஒரு வரி எழுதவில்லை. பெரியவர்களால் முடியாத ஒன்று சிறியவரால் முடியும். முந்நூறு பேரில் நாற்பது பேர் பேசினால், நாற்பது பேருக்கும் பெயர் சொல்லி மறுமொழி எழுதலாம். சிறிய வணிகத்தின் முதல் அதுவே.

அவர் திறன்பேசி வாங்கவில்லை. மாமியாரின் பழைய மர அச்சைப் படமெடுத்துப் போட்டு, "உங்கள் பாட்டி தீபாவளிக்கு முதலில் எந்தப் பலகாரத்தைச் சுடுவார்?" என்று கேட்டார். இரண்டு நாளில் முப்பத்தேழு பேர் எழுதியிருந்தார்கள். அதிரசம் என்றனர் சிலர். நெய் உருண்டை பிடித்த பாட்டியின் கைச்சூட்டை எழுதினார் ஒருவர். சிகாமட்டிலிருந்து ஓர் அம்மையார், தம் பாட்டி முறுக்கு மாவில் ஓமத்தை இடித்துச் சேர்ப்பார் என்றும், அந்த மணம் தம் வீட்டில் நின்று முப்பது ஆண்டுகள் ஆயிற்று என்றும் எழுதினார். என் மாணவி இரவு பதினொரு மணிக்கு எண்ணெய்ச் சட்டியை இறக்கிவைத்த பிறகு ஒவ்வொருவருக்கும் எழுதினார். ஓமம் இடித்து ஒரு சிறு அளவு சுட்டு, 'சிகாமட் பாட்டி முறுக்கு' என்று பெயரிட்டு, அந்த அம்மையாருக்கு முதல் டப்பாவை அஞ்சலில் அனுப்பினார்.

அவர் செல்வந்தராகிவிடவில்லை. அந்தத் தீபாவளிக்கு முந்திய ஆண்டைவிட நாற்பது டப்பா கூடுதலாக விற்றதாகச் சொன்னார். 900 வெள்ளியும் மாவாகவும் எண்ணெயாகவும் மாறித் திரும்பி வந்தது. "ஆனா ஐயா, பதில் எழுதுறதுதான் முறுக்குப் பிழியிறதவிடக் கை வலிக்குது" என்று சிரித்தார்.

அந்தக் கைவலிதான் விலை. கதை வகுப்பு நடத்தியவர்களும் மணிமன்றப் பகுதியை நிரப்பியவர்களும் அதைக் கொடுத்தார்கள். கேட்பவர் காது கொடுத்தால்தான் மக்கள் பேசுவார்கள். என் அப்பாவின் சட்டைப்பையில் கிழியும்வரை இருந்த அந்தப் பத்திரிகைத் துண்டு இதை எனக்கு என்றோ சொல்லிவிட்டது. புரிந்துகொள்ள எனக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.